அடங்காப்பற்றில் ஒரு பௌர்ணமி

முதல் நாள்: வவுனியா

ஒரு போரை எழுதுவதற்கு முன், அது நடந்த மண்ணை, அது நடந்த மாதத்தில் பார்த்துவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். இந்திய ராணுவத்தின் பொறியியல் படைப்பிரிவான மதராஸ் சாப்பர்ஸில் 26 வருடம் குப்பை கொட்டிவிட்டு சுபேதாராக வெளியே வந்தவன் நான். வந்த பிறகு சரித்திர நாவல் எழுதும் வியாதி பிடித்துக்கொண்டது. முதலாவது பாஞ்சாலங்குறிச்சி, இரண்டாவது காளையார்கோவில். மூன்றாவதற்காக இப்போது இலங்கையின் வடக்கே வன்னி. பென்ஷனில் பாதி அச்சகத்துக்கும் மீதி டிக்கெட்டுக்கும் போகிறது என்று வீட்டில் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். கடல் தாண்டி வந்துவிட்டதால் ஐந்து நாட்களுக்கு அது கேட்காது.

மூன்று கதைகளும் உண்மையில் ஒரே கதைதான். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர். மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது 1801 அக்டோபர். வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் கற்சிலைமடுவில் ஆங்கிலேயரிடம் தோற்றது 1803 அக்டோபர். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், இரண்டு வருடத்துக்கு ஒன்றாக, மூன்று அக்டோபர்கள். இதை யாரிடமாவது சொன்னால், "அப்படியா?" என்று கேட்டுவிட்டு மழையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

மழையைப் பற்றித்தான் இன்று நானும் பேச வேண்டும். கொழும்பிலிருந்து வந்த ரயிலை விட்டு இறங்கியபோது பிடித்தது, நான் கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரசு அலுவலகத்துக்கு, முன்னால் போய்ச் சேரும் வரை விடவில்லை. அங்கேதான் பண்டாரவன்னியன் சிலை இருக்கிறது. சிலையைப் பார்த்து நாவலாசிரியனுக்கு ஒன்றும் கிடைக்காது. தமிழ்நாட்டிலும் இங்கும் வீரர்களின் சிலைகள் ஒரே மாதிரிதான் முறைக்கின்றன. எனக்கு வேண்டியது அவன் காலில் ஒட்டிய சேறு.

வன்னிக்கு அடங்காப்பற்று என்று ஒரு பழைய பெயர் உண்டு. அடங்காதவர்களின் பற்று. யாழ்ப்பாணத்துக்கும் கண்டிக்கும் நடுவே காடும் குளமுமாகக் கிடந்த இந்த நிலத்தை வன்னியர்கள் ஆண்டார்கள். டச்சுக்காரர்களுக்குத் திறையாக யானை கொடுத்தார்கள், அதையும் பாக்கி வைத்தார்கள். எல்லை என்றால் வரைபடத்தில் ஒரு கோடு என்று நினைப்பவர்கள் எல்லையில் நின்றதில்லை. லடாக்கில் நான் நின்றிருக்கிறேன். எல்லைக்கு அகலம் உண்டு, சில இடங்களில் நான்கு நாள் நடை. வன்னி முழுவதுமே அப்படி ஓர் எல்லையாக இருந்தது.

பையில் ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1895-இல் வெளியிட்ட வன்னிக் கையேட்டின் நகல் இருக்கிறது. கூடவே ஒரு துண்டுத்தாள். அதில் என் அக்காள் மகன் கணினியில் போட்ட ஒரே ஒரு கணக்கு: 1803 அக்டோபர் 30, பௌர்ணமி. போர் மறுநாள் விடியற்காலையில் நடந்தது. என் கைப்பிரதியிலோ வெள்ளைக்காரன் படை மையிருட்டில் தீப்பந்தம் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு பக்கம் நடக்கிறது! அதனால்தான் இந்தப் பயணத்தைப் பௌர்ணமியை ஒட்டி வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள்: முல்லைத்தீவு

மாங்குளத்தில் கண்டி வீதியை விட்டு பஸ் கிழக்கே திரும்பியதும் காடு வந்துவிட்டது. பாலை, வீரை, முதிரை என்று பக்கத்து இருக்கைக்காரர் விரல் நீட்டிச் சொல்லிக்கொண்டு வந்தார். காட்டின் ஓரத்தில் இன்னமும் அங்கங்கே மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள். கண்ணிவெடி அகற்றுவதற்கு ஆட்களைப் பழக்கியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: அந்தப் பலகையைப் பார்த்ததும் என் பாதங்கள் செருப்புக்குள் தாமாகவே சுருங்கிக்கொள்கின்றன. ஓய்வு பெற்றது நான்தான், பாதங்கள் அல்ல.

1803 ஆகஸ்ட் 25-ஆம் தேதி பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பிடித்தான். டச்சுக்காரர்கள் கட்டியது, அப்போது ஆங்கிலேயர் கையில் இருந்தது. கோட்டையில் இருந்தவர்கள் படகேறி யாழ்ப்பாணத்துக்குத் தப்பினார்கள். அந்த வருடம் ஆங்கிலேயருக்குப் போதாத காலம். பிப்ரவரியில் கண்டியைப் பிடித்தவர்கள், காய்ச்சலில் பாதி செத்து, ஜூனில் சரணடைந்து, கண்டிக்காரர்களிடம் கொலையுண்டார்கள். அந்தச் செய்தி வன்னிக் காட்டுக்குள் வந்து சேர்ந்திருக்கும். நான் பண்டாரவன்னியனாக இருந்தாலும் அந்த ஆகஸ்டில்தான் அடித்திருப்பேன்.

கடற்கரையில் நின்றதும் அந்த வெற்றியின் ஓட்டையும் தெரிந்தது. கோட்டை என் கண்ணுக்கு அகப்படவில்லை, கடல் அகப்பட்டது. கோட்டைக்குப் பின்கதவு கடல். முன்கதவை உடைத்தவனிடம் படகு இல்லை. தப்பிப் போனவர்கள் அந்த வழியாகவே திரும்பி வருவார்கள் என்பது கரையில் நின்ற அவனுக்கும் தெரிந்திருக்கும். இந்த ஒரு காட்சி நாவலில் வேண்டும்: வென்றவன் மணலில் நின்று படகுகள் சிறுத்துப் போவதைப் பார்க்கிறான். சந்தோஷமாக அல்ல.

தேநீர்க் கடைக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தியாவா?"

"ஆமாம் ஐயா. புதுக்கோட்டைப் பக்கம்."

"நிற்கிற நிலையைப் பார்த்தால் பட்டாளம் போல இருக்கிறது. எந்த வருடம் வந்தீர்கள்?"

அவர் கேட்டது இந்திய அமைதிப்படை இங்கே இருந்த, 1987-க்கும் 1990-க்கும் இடைப்பட்ட காலத்தை. நான் வரவில்லை, அந்த வருடங்கள் முழுவதும் காஷ்மீரில் இருந்தேன் என்றேன். உண்மை அதுதான்.

"கேட்கிற எல்லோரிடமும் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்" என்றார், கோபமே இல்லாமல். சீனி போதுமா என்று கேட்டார். கடைசியில் தேநீருக்குக் காசு வாங்கிக்கொண்டார். விருந்தாளி என்று சொல்லி மறுத்திருந்தால் எனக்கு இன்னும் சிரமமாக இருந்திருக்கும்.

மாலையில் வட்டுவாகல் பாலம் வரை போனேன். நந்திக்கடல் கடலைத் தொடுகிற இடம். தாழ்ந்த, ஒடுங்கிய பாலம், இரண்டு பக்கமும் தண்ணீர். பாலம் என்றால் எவ்வளவு பாரம் தாங்கும், ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் கடக்கலாம் என்று மனம் கணக்குப் போடும். அது என் தொழில். 2009 மே மாதத்தில் இந்த வழியாக வந்தவர்களை நினைத்ததும் கணக்கைப் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். இருநூறு வருடத்துக்கு முந்தைய போரை எழுத வந்தவன், பதினாறு பதினேழு வருடத்துக்கு முந்தையதன் மேல் நின்றுகொண்டு குறிப்பேட்டைத் திறப்பது அழகல்ல.

மூன்றாம் நாள்: கற்சிலைமடு

ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் ஒரு விவசாயி வீட்டில் தங்கியிருக்கிறேன். நண்பரின் நண்பர், ஐம்பது வயது இருக்கும். நான் தம்பி என்கிறேன், அவர் ஐயா என்கிறார். அவருடைய தாயாரை ஊரே ஆச்சி என்கிறது, நானும் அப்படியே.

காலையில் போரின் நினைவுக்கல்லைப் பார்க்கப் போனோம். ஆங்கிலத்தில் பொறித்த சின்ன வாசகம். கேப்டன் வான் டிரிபெர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்ற செய்தியும், 1803 அக்டோபர் 31 என்ற தேதியும். அவ்வளவுதான். ஆனால் இரண்டு சொற்களிடம் நான் அரை மணி நேரம் நின்றேன்.

ஒன்று, வாசகத்தின் முதல் சொல். அதைத் தமிழில் சொல்வதானால் "இங்கெங்கோ". இங்கே என்று சொல்லவில்லை. கல்லை நட்டவர்களுக்கே இடம் நிச்சயமாகத் தெரியவில்லை. எங்கோ இந்தச் சுற்றுவட்டாரத்தில் என்று கைகாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். நாவலாசிரியனுக்கு இதைவிடப் பெரிய கொடை கிடையாது.

இன்னொன்று, "தோற்கடித்தான்". கொன்றான் என்று இல்லை. காக்கை வன்னியன் காட்டிக்கொடுத்தான், பண்டாரவன்னியன் அன்று இங்கே விழுந்தான் என்று கேட்டு வளர்ந்த ஊர் இது. நாடகமாகவும் பாட்டாகவும் அது அப்படித்தான் ஆடப்படுகிறது. கல்லோ மரணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவனுடைய உடல் கிடைத்திருந்தால், கொன்றோம் என்று பெருமையாகவே வெட்டியிருப்பார்கள் என்பது என் ஊகம். எங்கள் பழைய நடுகற்களில் விழுந்தவனின் பெயர் இருக்கும், எதற்காக விழுந்தான் என்று இருக்கும். இது தலைகீழ் நடுகல்: ஜெயித்தவன் பெருமைக்காக எழுந்தது. ஆனால் மாலை விழுவது தோற்றவனுக்கு. 2010-இல் இந்தக் கல்லை யாரோ சேதப்படுத்தியதாகச் செய்தி வந்தபோது ஊர் பதறியதாம். டிரிபெர்க்குக்காக யார் பதறுவார்கள்?

ஆங்கிலேயர் மூன்று திசையிலிருந்து படை அனுப்பினார்கள்: யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை. படம் வரைந்து பார்த்தால் சுருக்குக் கயிறு மாதிரி இருக்கும். அந்தக் காலத்தில் இலங்கையில் ஆங்கிலேயருக்காகச் சண்டை போட்டவர்களில் மலாய்க்காரர்கள் உண்டு, சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள் உண்டு. இதை நான் அவசரமாகக் கடந்து போக முடியாது. காளையார்கோவில் காட்டை வெட்டிப் பாதை போட முயன்ற பயனியர்கள் என் படைப்பிரிவின் முன்னோர்கள். 1780 முதல் எங்கள் கணக்கு தொடங்குகிறது. நாவலில் நான் மருதுவின் பக்கம் நின்று அழுதேன். என் ரெஜிமென்டின் பாட்டன் எதிர்ப்பக்கம் கோடாரியோடு நின்றான். இங்கேயும் யாரோ ஒரு புதுக்கோட்டைக்காரன் டிரிபெர்க்கின் வரிசையில் நடந்திருக்கக்கூடும். அவனை நாவலில் நடக்க வைக்கப்போகிறேன்.

மத்தியானம் வயல் பக்கம் போனோம். அங்கேதான் மானம் போயிற்று.

என் பதினான்காம் அத்தியாயத்தில், விடியற்காலைத் தாக்குதலில் இருந்து தப்பும் வன்னியனின் ஆட்கள் விளைந்து சாய்ந்த நெல்வயலுக்குள் புகுந்து மறைகிறார்கள். அதை வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு குளக்கட்டில் இருந்து கீழே கைநீட்டினார்.

"ஐயா, இதற்குள் யார் ஒளிந்துகொள்ள முடியும்?"

பச்சை, சாண் உயரம். ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது, அதன் முழங்கால்கூட மறையவில்லை. காலபோகத்துக்கு மழையை நம்பிப் புழுதியில் விதைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அறுவடை தை, மாசியில். அக்டோபர் 31-இல் வன்னியில் விளைந்த நெல் எனக்கு மட்டும்தான் கிடைத்திருக்கிறது.

"சிப்பாய்கள் வழியில் பாலைப்பழம் பறித்துத் தின்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்களே" என்றார் அடுத்து. அது வைகாசி, ஆனியில் பழுப்பது. பட்டாளத்தில் இருந்திருந்தால் இந்த மனிதர் நல்ல உளவுப் பிரிவு ஆளாகியிருப்பார்.

அவர் எனக்குச் சில சொற்களும் கொடுத்தார். குளம் நிரம்பி வழிவதை இங்கே வான் பாய்கிறது என்கிறார்கள். மதகு என்று நான் எழுதியதெல்லாம் துருசு. தண்ணீர் அலையடிக்கும் உட்கரை அலைகரை. ஐப்பசி மழை முறையாகப் பிடித்துவிட்டால் குளக்கட்டுதான் பாதை, மற்றதெல்லாம் சேறு என்றார். ஒரு சாப்பருக்கு இந்த ஒரு வாக்கியம் போதும். டிரிபெர்க் ஏன் அக்டோபரைத் தாண்டவிடவில்லை என்பதற்கு எனக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. இன்னும் இரண்டு வாரம் போயிருந்தால் அவனுடைய மாட்டு வண்டிகள் அச்சு வரை புதைந்திருக்கும். இது என் அனுமானம்தான், ஆவணம் கேட்காதீர்கள்.

இரவுச் சாப்பாடு குரக்கன் (நம் கேழ்வரகு) புட்டு, எருமைத் தயிர். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இன்று கை வலிக்கிறது.

நான்காம் நாள்: ஒட்டுசுட்டான்

இன்று பௌர்ணமி. என் திட்டம் எளிமையானது: நள்ளிரவு தாண்டி எழுந்து, நிலவு வெளிச்சத்தில் நடந்து, ஐந்து மணிக்கு அந்த நிலத்தில் நின்று என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று குறித்துக்கொள்வது. காட்டுக்குள் வேண்டவே வேண்டாம், தார் வீதியிலும் குளக்கட்டிலும் மட்டும் என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒரு காரணம் யானை. இன்னொரு காரணத்தை அவர் சொல்லவில்லை. சிவப்புப் பலகைகளை நானே பார்த்திருக்கிறேன்.

பகலில் தூங்கி எழலாம் என்று படுத்தேன். ஆச்சி விடவில்லை. "இன்றைக்குப் போய்ப் படுக்கிறீர்களே, கோயிலுக்கு வரவில்லையா?"

தான்தோன்றீஸ்வரர் கோயில். குரக்கன் தாளுக்கு இங்கே ஒட்டு என்று பெயர். ஒட்டைச் சுட்ட இடத்தில், மண்ணை வெட்டும்போது இரத்தம் கசிந்து லிங்கம் தானாக வெளிப்பட்டதாம், அதனால் ஒட்டுசுட்டான். சரித்திரக்காரன் காதால் கேட்டுக்கொண்டு, மரியாதைக்குத் தலையாட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

திரை விலகியதும் லிங்கம் இல்லை. சோறு இருந்தது.

ஆவுடையாரிலிருந்து உச்சி வரை வெள்ளைச் சோறு, சுவர் பூசுவது போல் அழுத்தி வழித்து, நடுவில் இரண்டு காய்த் துண்டுகளும் ஓர் அப்பளமும் பதித்து, விளக்கு வெளிச்சத்தில் ஆவி அடங்கி நின்றது. அன்னாபிஷேகம். சின்ன வயதில் புதுக்கோட்டையில் என் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. ஐப்பசிப் பௌர்ணமிக்கு எல்லாச் சிவன் கோயிலிலும் நடப்பது.

நான் அங்கேயே தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

1803 அக்டோபர் 30 பௌர்ணமி என்று கணக்குப் போட்டேன். நிலவு எப்போது உதிக்கும், எந்தப் பக்கம் சாயும் என்று படம் போட்டேன். அது எந்தப் பௌர்ணமி என்று ஒரு முறையாவது யோசித்தேனா? வெள்ளைக்காரன் கல்லில் அக்டோபர் என்று வெட்டியிருக்கிறான், நானும் அக்டோபர் என்றே ஐந்து வருடமாக உளறிக்கொண்டிருக்கிறேன். பண்டாரவன்னியனுக்கு அக்டோபரைத் தெரியுமா? அவனுக்கு அது ஐப்பசி. நெல் விதைத்து முளைவிட்ட ஐப்பசி, குளம் நிரம்புமா என்று வானத்தைப் பார்க்கிற ஐப்பசி, சாமியைச் சோற்றால் மூடுகிற பௌர்ணமி. வழக்கம் அன்றைக்கும் இருந்திருந்தால், தாக்குதலுக்கு முந்தின மாலை அவனுடைய ஆட்களில் பாதிப் பேர் வரிசையில் நின்று இலையில் பிரசாதம் வாங்கியிருப்பார்கள்.

அபிஷேகம் முடிந்து சோற்றைக் கலைத்தார்கள். லிங்கத்தின் மேல் இருந்ததைத் தனியாக ஒரு பாத்திரத்தில் எடுத்து வைத்தார்கள். "அது மீனுக்கு, தண்ணீரில் கரைக்க வேண்டும்" என்றார் ஆச்சி. மீதி எங்களுக்கு. ஆச்சி என் பங்கையும் தன் பங்கையும் வாழையிலையில் கட்டிக்கொண்டார். வீட்டில் தயிர் ஊற்றிப் பிசைந்து, மோர்மிளகாய் இரண்டு வைத்து, "நடுச்சாமத்தில் அலையப் போகிறவர்களுக்கு" என்று பொட்டலத்தை என்னிடம் நீட்டினார்.

ஐந்தாம் நாள்: குளக்கட்டு

மூன்று மணிக்குப் புறப்பட்டோம். வீட்டுக்காரர் கையில் டார்ச், சட்டைப்பையில் யானை வெடி. டார்ச்சைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

தேவையும் இருக்கவில்லை. மழை விட்டிருந்தது. வீதி வெள்ளைத் துணி விரித்தது போல் கிடந்தது. எதிரே வந்த நாயின் காது மடல் நாற்பது அடியில் தெரிந்தது. என் கைக்கடிகாரத்தின் முள்ளைப் படிக்க முடிந்தது. தீப்பந்தத்தோடு நடந்த அந்தப் பன்னிரண்டு பக்கத்தையும் மனத்துக்குள்ளேயே கிழித்துப் போட்டேன். பந்தம் பிடித்திருந்தால் பைத்தியக்காரத்தனம். ஆனால் அன்று மேகம் இருந்ததா? அதை அக்காள் மகனின் கணினியும் சொல்லாது. நாவலில் நான் மேகத்தைக் கொஞ்ச நேரம் வைத்து, பிறகு விலக்கிக்கொள்வேன். அது என் உரிமை.

நான்கரைக்குக் குளக்கட்டில் ஏறினோம். நிலவு மேற்கே இறங்கி, பாலை மரங்களுக்கு மேல் ஒரு கை உயரத்தில் நின்றது. அப்போதுதான் படத்தில் வராத ஒன்றைப் பார்த்தேன். எங்கள் நிழல் எங்களுக்கு முன்னால் கிழக்கே ஓடியது, பனை உயரத்துக்கு நீண்டு, வயலின் குறுக்கே. மேற்கிலிருந்து வருபவனுடைய நிழல் அவனுக்கு முன்பே போய் எதிரியின் காலைத் தொடும். கிழக்கிலிருந்து வருபவனோ முகத்தில் வெளிச்சம் வாங்கிக்கொண்டு வருவான். இரண்டுமே கெட்டது. டிரிபெர்க் கடைசிச் சில நூறு அடியை எந்தப் பக்கம் நடந்தான் என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டும். தூங்குகிற ஒருவன் கண் விழித்து, முதலில் மனிதனைப் பார்க்காமல் நிழலைப் பார்க்கிறான் என்று தொடங்கலாமா? தெரியவில்லை. புதுக்கோட்டைக்காரனின் நிழலாக இருக்கட்டும்.

கட்டின் மேல் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தோம். தயிர் புளித்து, மிளகாய் ஊறி, சோறு சில்லென்று இருந்தது. கீழே துருசு வழியாகத் தண்ணீர் போகும் சத்தம். தூரத்தில் எங்கோ ஒரு லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் இருமிக் கிளம்பியது.

வீட்டுக்காரர் கைபேசியைப் பார்த்தார்.

"ஐயா, ஐந்து மணி. குறித்துக்கொள்ளவில்லையா?"

குறிப்பேடு மடியில்தான் இருந்தது. கை முழுக்கச் சோறு.